கழல மறுக்கும் ஸ்க்ரூ: எஞ்சின் முதல் லேப்டாப் வரை

கம்ப்யூட்டர் உள்ள வீடுகளில் எப்படியும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட் இருக்கும். ஒரு கைப்பிடி, அதில் மாட்டிக்கொள்ளப் பத்துப் பதினைந்து முனைகள், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில். என்னிடமும் ஒன்று இருக்கிறது. கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போது வாங்கியது. உறவினர், நண்பர் வீடுகளில் குறைந்தது இருபது சி.பி.யூ. பெட்டிகளையாவது அதைக் கொண்டு திறந்து மூடியிருப்பேன். அந்தத் தைரியத்தில்தான் 2024-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவின் யமஹா ஆர்.எக்ஸ். 100 எஞ்சினைத் திறக்க உட்கார்ந்தேன். பதினோரு மணிக்குள் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பைக் கதை எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அன்று எஞ்சினில் மழுங்கிய அந்த ஸ்க்ரூவும், உங்கள் லேப்டாப்பின் அடியில் கழல மறுக்கும் ஸ்க்ரூவும் ஒரே ஜாதி. காரணமும் ஒன்று, கழற்றும் வழியும் ஏறக்குறைய ஒன்று. பெரியதில் கற்றுக்கொண்டால் சிறியதில் கை நடுங்காது.

என்ன நடந்தது?

ஆர்.எக்ஸ். 100 இந்தியாவில் 1985-ல் வந்து, 1996-ல் தயாரிப்பு நின்றுபோன 98 சி.சி. டூ ஸ்ட்ரோக் பைக். அப்பாவுடையது 1994 மாடல். என்னைவிட வயதில் மூத்தது. பதினைந்து ஆண்டுகள் கடந்த வண்டி என்பதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஓட்டிச் சென்று காட்ட வேண்டும். தேதி நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. பாடி மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரைத் திருகினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கிளட்ச் பிளேட் தேய்ந்திருப்பதற்கு அதுதான் அடையாளம்.

பிளேட்டும் கேஸ்கட்டும் வாங்கிவிட்டேன். மாற்றும் வேலை பெரிதல்ல. ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, வலப்பக்க கவரைத் திறந்தால் கிளட்ச் கண்ணெதிரே இருக்கும். அந்த கவரைச் சுற்றிலும் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூக்கள். "இதுதானே" என்று என் கம்ப்யூட்டர் செட்டில் இருந்து பெரிய முனையை எடுத்து மாட்டித் திருகினேன். முதல் மூன்று எப்படியோ வந்தன. நான்காவது வரவில்லை. இன்னும் அழுத்தித் திருகினேன். முனை வெளியே எகிறியது. மறுபடி வைத்துத் திருகினேன், மறுபடி எகிறியது. தரையில் வெள்ளியாய் மினுமினுத்த தூள் என்ன என்று பார்த்தேன். ஸ்க்ரூவின் தலைதான். கூட்டல் குறி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு குழி.

அந்த நிலையிலாவது நிறுத்தியிருக்க வேண்டும். பக்கத்து ஸ்க்ரூவுக்குப் போய் அதையும் அதேபோல் ஆக்கி வைத்தேன்.

அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் முப்பது வருடங்களுக்கு மேல் டர்னராக இருந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு வலது கையில் பிடிமானம் இல்லை. டம்ளரைக்கூட இடது கையால்தான் எடுப்பார். திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"டேய், நிறுத்து. இன்னும் ஒரு தடவை சுத்துன, அப்புறம் பிடிக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது."

"ரெண்டு ஸ்க்ரூ சிலிப் ஆயிடுச்சுப்பா."

"ஸ்க்ரூ சிலிப் ஆவல. நீ ஆக்கிட்ட."

முனை ஏன் எகிறுகிறது?

கூட்டல் குறி ஸ்க்ரூவை எல்லாரும் 'ஸ்டார் ஸ்க்ரூ' என்கிறோம். சரியான பெயர் பிலிப்ஸ். அமெரிக்காவில் ஜான் தாம்சன் என்பவர் கண்டுபிடித்ததை ஹென்றி பிலிப்ஸ் வாங்கி மேம்படுத்தி, 1936-ல் காப்புரிமை பெற்றார். கார் தொழிற்சாலையில் அது பெரிய வரப்பிரசாதம். ஒற்றைக் கோடு போட்ட ஸ்க்ரூவில் முனை பக்கவாட்டில் நழுவும். இதில் தானாகவே நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் அதன் பள்ளத்தின் சுவர்கள் நேராக இல்லை, சரிவாக இருக்கின்றன. திருகும் விசையில் ஒரு பங்கு முனையை வெளியே தள்ளுகிறது. சரிவான சுவரில் கால் வைத்து ஏறுவதுபோல முனை ஏறி வெளியே வருகிறது. வரும்போது விளிம்பைச் செதுக்கிக்கொண்டே வருகிறது. நாம் அழுத்தும் விசை இந்தத் தள்ளும் விசையைவிட அதிகமாக இருக்கும்வரைதான் பிழைப்பு. அதனால்தான் பழைய மெக்கானிக்குகள், கையின் பலத்தில் முக்கால் பங்கை அழுத்துவதற்கும் கால் பங்கைத் திருகுவதற்கும் கொடு என்பார்கள்.

எனக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் அதில் இருந்தது. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த அந்தக் கால பைக்குகளில் உள்ள கூட்டல் குறி, பிலிப்ஸ் அல்ல. ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானியத் தரத்தின்படி செய்தது. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். மூலைகளின் வளைவிலும் முனையின் நுனியிலும் நூலளவு வித்தியாசம். பிலிப்ஸ் முனையை ஜே.ஐ.எஸ். பள்ளத்தில் வைத்தால் அடிவரை போய் உட்காராது, மேல் விளிம்பில் மட்டும் பிடித்து நிற்கும். இறுகிய ஸ்க்ரூ என்றால் அந்தப் பிடி போதாது. ஆனால் ஜே.ஐ.எஸ். முனை பிலிப்ஸ் ஸ்க்ரூவில் ஓரளவு நன்றாகவே உட்காரும். ஸ்க்ரூவின் தலையில் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளி ஒன்று குத்தியிருந்தால் அது பெரும்பாலும் ஜே.ஐ.எஸ்.தான். பழைய ஜப்பானிய கேமரா, பிரிண்டர், டேப் ரெக்கார்டர் எதையாவது பிரிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் இந்தப் புள்ளியைத் தேடுங்கள்.

அப்பா சொல்லச் சொல்ல

வெளியூரில் இருக்கும் பெரியம்மாவுக்கு நான் போனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பது வழக்கம். "இடது பக்கம் கீழ் மூலையில் என்ன தெரிகிறது பெரியம்மா? அதை ஒருமுறை மட்டும் க்ளிக் செய்யுங்கள். ஒருமுறைதான்" என்று தொண்டை வறளக் கத்துவேன். அன்று எனக்கு அந்த பெரியம்மாவின் இடம் கிடைத்தது. அப்பாவுக்கு எல்லாம் தெரியும், கை வராது. எனக்குக் கை இருக்கிறது, ஒன்றும் தெரியாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பைக் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டு, இடது கை விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார்.

முதல் கட்டளை, எதையும் செய்யாதே என்பது. மண்ணெண்ணெயையும் எஞ்சின் ஆயிலையும் சம அளவு கலந்து, அந்த இரண்டு ஸ்க்ரூக்களின் விளிம்பைச் சுற்றிச் சொட்டு விட்டு, சுத்தியலால் தலையில் லேசாகப் பத்துத் தட்டு தட்டச் சொன்னார். பிறகு பைக்கைத் துணி போட்டு மூடிவிட்டு மறுநாள் வரை தொடக்கூடாது. தட்டுவது எதற்கு என்று கேட்டேன். அலுமினிய எஞ்சினில் இரும்பு ஸ்க்ரூ முப்பது வருடம் இருந்தால் இரண்டுக்கும் நடுவே வெள்ளைப் பொடி பூத்துப் பிடித்துக்கொள்ளும். அதிர்வு கொடுத்தால் அந்தப் பொடி நொறுங்கி எண்ணெய் உள்ளே இறங்க வழி கிடைக்கும்.

(இடைப்பட்ட நேரத்தில் வீடியோ பார்த்து, மழுங்கிய தலைக்கும் முனைக்கும் நடுவே ரப்பர் பேண்டு வைத்துத் திருகிப் பார்த்தேன். ரப்பர் பேண்டு கிழிந்ததுதான் மிச்சம். லேசாக மழுங்கிய சிறு ஸ்க்ரூக்களுக்கு அது சில சமயம் பலன் தரும். எஞ்சின் ஸ்க்ரூவுக்கு எந்தக் காலத்திலும் தராது.)

மறுநாள் மாலை வேலை முடிந்து வரும்போது அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் இம்பேக்ட் டிரைவர் வாங்கி வந்தேன். தடித்த உருளை போலிருக்கும். முனையை ஸ்க்ரூவில் வைத்து, கழற்றும் திசையில் கையால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் சாய்வான வெட்டு அந்த அடியில் ஒரு பகுதியைச் சுழற்சியாக மாற்றுகிறது. இதில் உள்ள சூட்சுமம் என்னவென்றால், திருகும் அதே நொடியில் முனை பள்ளத்துக்குள் அழுத்தவும் படுகிறது. எகிற நேரமே இல்லை. கம்ப்யூட்டர் ஸ்க்ரூ டிரைவரால் நான் செய்யத் தவறியதும் இதைத்தான்.

இரண்டாவது அடியில் "டக்" என்று ஒரு சத்தம். முதல் ஸ்க்ரூ கால் சுற்று நகர்ந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்பா சிரித்தது அந்த வாரத்திலேயே முதல் முறை.

இன்னொன்று, முன்பக்கம் கீழே இருந்தது, வரவில்லை. ஐந்தாறு அடியில் எஞ்சியிருந்த பள்ளமும் போய்விட்டது. உளியை விளிம்பில் சாய்த்து வைத்து எதிர்த்திசையில் தட்டிச் சுழற்றுவது அடுத்த வழி. அதை அப்பா வேண்டாம் என்றுவிட்டார். "கவர் பழைய வார்ப்புடா. ஒரு அடி தவறுனா காது உடைஞ்சுடும். ஒரிஜினல் கவருக்கு எங்க போவ?" தயாரிப்பு நின்று இத்தனை ஆண்டுகள் ஆன வண்டிக்கு அந்தக் கேள்வி நியாயம்தான். புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கலாம். ஆனால் எவருடைய எஞ்சினில் எப்படி அடிபட்டது என்று தெரியாத கவராக இருக்கும்.

தலையை எடுத்தால் பிடி விடும்

மிச்சமிருந்தது டிரில். எனக்குப் பயம் அங்கேதான் வந்தது. ஸ்க்ரூ இரும்பு, சுற்றி இருப்பது அலுமினியம். பிட் கொஞ்சம் சரிந்தால் கெட்டியான இரும்பை விட்டுவிட்டு மெத்தென்ற அலுமினியத்தைத் தின்ன ஆரம்பிக்கும்.

அப்பா ஒரு கணக்குச் சொன்னார். நாம் போராடுவது ஸ்க்ரூவின் மரையோடு மட்டும் அல்ல. இறுகிய ஸ்க்ரூ உண்மையில் இழுத்துக் கட்டிய ஸ்பிரிங் மாதிரி. தலை கவரை அழுத்துகிறது, மரை எஞ்சினைப் பிடித்து இழுக்கிறது, நடுவில் உள்ள தண்டு நூலளவு நீண்டு விறைத்து நிற்கிறது. தலையை மட்டும் எடுத்துவிட்டால் அந்த விறைப்பு அத்தனையும் போய்விடும். கவரும் கழன்று வரும். பிறகு எஞ்சினில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பிடித்துத் திருகினால் போதும். ஆகவே ஸ்க்ரூ முழுவதையும் துளைக்க வேண்டாம், தலையின் கனம் வரை துளைத்தால் போதும்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தோம். டிரில் மெஷினின் மோட்டாரில் பொறி பறக்கும் என்பதால் இது விளையாட்டு அல்ல. கண்ணுக்குக் கண்ணாடி. சென்டர் பஞ்ச் வைத்து நடுவில் ஒரு குறி. முதலில் 3 மி.மீ. பிட்டில் வழி, பிறகு 6.5 மி.மீ. பிட்டில் மெதுவாக. ஸ்க்ரூவின் தண்டு 6 மி.மீ. என்பதால் பிட் அதைவிட ஒரு நூல் பெரிதாக இருந்தால்தான் தலை வளையம் போலத் தனியே கழன்று வரும்.

"சாயுது பார். இடுப்ப நேர் பண்ணு, கைய இல்ல" என்றார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு என் இடுப்பு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை புரியவில்லை. இரண்டு முறை நிறுத்தி எண்ணெய் விட்டேன். நான்கு மி.மீ. ஆழம் போனதும் தலை பிட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. மற்ற ஸ்க்ரூக்களையும் எடுத்து, கவரை ரப்பர் சுத்தியலால் தட்டிக் கழற்றினோம். கிளட்ச் மீது தூள் விழாமல் துணி திணித்தோம். அப்பா சொன்னபடியே எஞ்சினில் இருந்து ஒன்றரை விரற்கடை நீளத்துக்குத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

வைஸ் கிரிப் போட்டுப் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. அப்போதுதான் தங்கையின் ஹேர் டிரையர் வந்தது.

அலுமினியம் சூட்டில் விரிவது இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 6 மி.மீ. துளையை 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால், துளை ஸ்க்ரூவைவிட ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்கு அதிகம் பெரிதாகும். கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் பொடி பூத்து இறுகிய மரைக்கு அதில் பாதிகூடப் போதும். வெல்டிங் சுடர் மட்டும் கூடவே கூடாது. இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமல் இருந்து, 660 டிகிரியில் திடீரென்று உருகி ஓடும். பத்து நிமிடம் ஹேர் டிரையர் காட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் நூலளவு ஆட்டி ஆட்டித் திருகினேன். ஒரே திசையில் மூர்க்கமாக முறுக்கினால் தண்டு உள்ளேயே உடையும். நாலைந்து ஆட்டலுக்குப் பிறகு வழிவிட்டது. கடைசியில் விரலாலேயே சுற்றி எடுத்தேன்.

தண்டு உள்ளே உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதன் நடுவில் துளை போட்டு 'ஈஸி அவுட்' என்ற எதிர்மரைக் கருவியை இறக்கிச் சுழற்றி எடுப்பார்கள். பெயரை நம்பி நீங்கள் வீட்டில் முயல வேண்டாம். ஈஸி அவுட் மிகக் கடினமான எஃகு. உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. பிறகு மின்பொறியால் அரித்து எடுக்கும் மெஷின் உள்ள பட்டறைக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

மரை என்னும் மாயம்

துளையின் மரை தப்பித்திருந்தது. அப்பாவின் டூல்ஸ் பெட்டியில் இருந்த எம்6 டேப்பை விட்டு ஒருமுறை சுத்தம் செய்தேன். மரையே போயிருந்தால் துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் எனும் சுருள் கம்பி மரையை இறக்க வேண்டியிருந்திருக்கும். அம்பத்தூர், பாடி பக்கம் லேத் பட்டறைகளில் இது சாதாரண வேலை.

இந்த வட்டாரத்துக்கும் மரைக்கும் பழைய உறவு. நாடெங்கும் போல்ட் தலைகளில் பார்க்கும் 'டி.வி.எஸ்.' முத்திரை, 1966-ல் பாடியில் தொடங்கிய சுந்தரம் ஃபாசனர்ஸ் நிறுவனத்துடையது. தலையில் 8.8 என்று இருந்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை வரை அறாது, அதில் எண்பது சதவீதம், அதாவது 640 வரை நீண்டாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும் என்று பொருள். புள்ளிக்கு இடப்பக்க எண்ணை நூறால் பெருக்க வேண்டும், வலப்பக்க எண் பத்தில் எத்தனை பங்கு என்பது. என்ஜினீயரிங் படித்த எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அப்பா.

மரைகளுக்குள் ஒற்றுமை இல்லாததால் வந்த தொல்லைகள் பெரிய கதை. பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த மரைக்குக் கோணம் 55 டிகிரி. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் கொண்டுவந்ததற்கு 60 டிகிரி. அரை அங்குல போல்ட்டில் முன்னதற்கு அங்குலத்துக்கு 12 மரை, பின்னதற்கு 13. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமான எஞ்சினை அமெரிக்க பேக்கார்டு நிறுவனம் தயாரித்தபோது, பிரிட்டிஷ் மரை வெட்டும் கருவிகளை அவர்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1948-ல்தான் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரு பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. 1955-ல் சென்னையில் வேரூன்றிய புல்லட்டும் அந்தப் பழைய அங்குல மரைகளைக் கூடவே கொண்டுவந்தது. பழைய புல்லட்டின் அங்குல நட்டில் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு மூலையை மழுங்கடித்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று கணக்கே இல்லை.

சரி, இது பழைய கதை, கம்ப்யூட்டருக்கு இது ஏது என்கிறீர்களா? உங்கள் சி.பி.யூ. பெட்டியைத் திறந்து பாருங்கள். அதே குழப்பம் இன்றும் அங்கே குடியிருக்கிறது. மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க்கைப் பிடிக்கும் ஸ்க்ரூ 6-32 என்ற அமெரிக்க அங்குல மரை. குறுக்களவு 3.5 மி.மீ., மரைகள் அகலமாக இருக்கும். டி.வி.டி. டிரைவுக்கும் இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி.க்கும் எம்3, அதாவது 3 மி.மீ. மெட்ரிக் மரை, நெருக்கமாக இருக்கும். குச்சி போன்ற எம்.2 எஸ்.எஸ்.டி.யைப் பிடிப்பதோ பெரும்பாலும் எம்2, அரிசியைவிடச் சிறியது. எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் கொட்டி வைத்துவிட்டு, கைக்கு வந்ததை எடுத்து மாட்டினால் என்ன ஆகும்? 6-32 துளையில் எம்3 தொளதொள என்று ஆடும். எம்3 துளையில் 6-32-ஐ அழுத்தித் திருகினால் துளையின் மரையே அறுபடும். சந்தேகம் வந்தால் இரண்டு ஸ்க்ரூக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். பற்கள் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்தால் ஒரே மரை, இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் வேறு.

எஞ்சினை மூடும்போது அப்பா சொன்ன இன்னொரு பழக்கம் கம்ப்யூட்டருக்கு அப்படியே பொருந்தும். ஸ்க்ரூவைத் துளையில் வைத்ததும் இறுக்கும் திசையில் திருகாதீர்கள். முதலில் எதிர்த்திசையில், கழற்றுவதுபோல மெதுவாகச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் "க்ளிக்" என்று சின்னதாக உள்ளே இறங்கும். மரையின் வாயும் மரையின் வாயும் சந்தித்த இடம் அது. அங்கிருந்து இறுக்க ஆரம்பித்தால் மரை குறுக்கே ஏறாது. பிளாஸ்டிக் உடம்பு கொண்ட லேப்டாப்பில் இதன் அருமை இன்னும் அதிகம்.

லேப்டாப்பில் இதே கதை

அடுத்த வாரம் தங்கையின் பழைய லேப்டாப். அவளுடைய எம்.எஸ்சி. புராஜெக்ட் முழுவதும் அதன் ஹார்ட் டிஸ்க்கில். வேறெங்கும் காப்பி இல்லை என்பதை அது ஆன் ஆகாமல் போன பிறகுதான் சொன்னாள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கலாம் என்று அடி மூடியைத் திறந்தால், ஒரு மூலை ஸ்க்ரூ ஏற்கெனவே பாதி மழுங்கியிருந்தது. போன முறை ரேம் போட்டவன் நான்தான்.

இந்தமுறை அவசரப்படவில்லை. மற்ற எல்லா ஸ்க்ரூக்களையும் முதலில் எடுத்தேன். லேப்டாப் ஸ்க்ரூக்களின் மரையில் நீல நிறத்தில் ஏதோ பூசியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதிர்வில் கழலாமல் இருக்கப் போடுவது அது. முதல் கால் சுற்றுக்கு மட்டும்தான் எதிர்க்கும். அந்தக் கால் சுற்றில்தான் தலைகள் மழுங்குகின்றன. அதனால் அளவில் மிகச் சரியான முனையை எடுத்து, செங்குத்தாக நிறுத்தி, மற்றொரு கையால் மேலிருந்து அழுத்திக்கொண்டு ஒரே சீராகத் திருக வேண்டும். ஒற்றைப் பூஜ்ய அளவுக்கும் இரட்டைப் பூஜ்ய அளவுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. முனையை வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது சின்னது.

பாதி மழுங்கியதற்கு, பள்ளத்தின் மூலைவிட்ட அகலத்துக்குச் சரியான ஒரு தட்டை முனையை வைத்துப் பார்த்தேன். நான்கு மூலைகளில் இரண்டாவது இன்னும் உயிரோடு இருந்தால் அது பிடிக்கும். எனக்குப் பிடித்தது. பிடிக்காமல் போனால் மெல்லிய ரப்பர் கையுறைத் துண்டை நடுவே வைத்துப் பார்க்கலாம். நீலப் பூச்சு பலமாக இருந்தால், சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூவின் தலையில் மட்டும் சில விநாடிகள் வைத்தால் பூச்சு இளகும். பக்கத்தில் பிளாஸ்டிக்கோ பேட்டரியோ இருந்தால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

டிரில் கடைசி வழி. அதற்கு முன் முடிந்தால் பேட்டரியைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். லித்தியம் பேட்டரியில் பிட் இறங்கினால் தீப்பிடிக்கும். பேட்டரி அந்த மூடிக்குள்ளேயே இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்றும் உறுதியாகத் தெரியவில்லை என்றால் டிரில்லைத் தொடாதீர்கள், கடைக்குக் கொண்டு போங்கள். சுற்றிலும் டேப் ஒட்டி, தூளை உடனுக்குடன் வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். ஓர் இரும்புத் துகள் மதர்போர்டில் இரண்டு புள்ளிகளை இணைத்தால் போதும், மழுங்கிய ஸ்க்ரூ பரவாயில்லை என்று தோன்றும். இங்கேயும் தலையை மட்டும் எடுத்தால் போதும். மூடி வந்த பிறகு தண்டைக் குறடால் பிடித்து எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்க்ரூவோடு சேர்ந்து துளையே சுற்றுகிறது என்றால் அது வேறு வியாதி. பிளாஸ்டிக்கில் சூடு வைத்துப் பதித்த பித்தளை மரை பிடி விட்டிருக்கும். முன்பு யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். மூடிக்கும் உடம்புக்கும் இடையே மெல்லிய நெம்புகோல் கொடுத்து லேசாக மேலே இழுத்தபடி திருகினால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

ஐந்து மூலை நட்சத்திரம் போன்ற பள்ளம் உள்ள ஸ்க்ரூக்களை ஆப்பிள் நிறுவனம் 2009-ல் தன் லேப்டாப்பிலும், பிறகு ஐபோனிலும் கொண்டுவந்தது. அப்போது எந்த வீட்டிலும் அதற்கான முனை கிடையாது. இப்போது எல்லா செட்டிலும் வருகிறது. பொருத்தமில்லாத முனையால் மட்டும் அதை முயலாதீர்கள். வாங்கிய பொருளைத் திறந்து பழுது பார்க்கும் உரிமை பற்றி உலகெங்கும் பேச்சு நடக்கிறது. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் அதற்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. ஒரு ஹார்ட் டிஸ்க்கின் மேல் மூடியை மட்டும் அந்த உரிமையில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். ஒரு தூசு உள்ளே போனால் டேட்டா போயிற்று.

தங்கையின் டிஸ்க் நன்றாகவே இருந்தது. அன்றே இரண்டு இடங்களில் காப்பி எடுத்துவிட்டாள்.

பைக்கில் கூட்டல் குறி ஸ்க்ரூக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆலன் போல்ட்டுகள் போட்டோம். மரையில் கொஞ்சம் கிரீஸ். ஆலனில் ஓர் ஆபத்து உண்டு. தலை மழுங்காது, அதனால் அளவு தெரியாமல் இறுக்கிவிடுவோம். பிறகு போவது எஞ்சினின் மரை. அலுமினியத்தில் 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். பதினைந்து சென்டிமீட்டர் நீளப் பிடியின் நுனியில் ஏழு கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற விசை அது. "எல் வடிவ சாவியோட குட்டைக் கால்ல பிடிச்சு இறுக்கு, நீட்டுக் கால்ல வேணாம்" என்றார் அப்பா. எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி இரண்டு சுற்றாக இறுக்கினேன்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நான்தான் ஓட்டிப் போனேன். அப்பா பின்னால் உட்கார்ந்து வந்தார். பாடி மேம்பாலத்தில் ஏறும்போது என் தோளைத் தட்டி, "மூணாவதுலயே போ, இழுக்கும்" என்றார். இழுத்தது. பதிவு ஐந்து வருடங்களுக்குப் புதுப்பிக்கப்பட்டது. திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும் இடப்பக்க கவரைக் குனிந்து பார்த்தார். அங்கே இன்னும் பழைய கூட்டல் குறி ஸ்க்ரூக்கள்தான் இருக்கின்றன.

"அந்த இம்பேக்ட் டிரைவர எங்க வச்ச?" என்றார்.